ஒரு பாகம், ஒரு சாண், நாலு விரல்

கயிறு அளப்பதற்கு நான் டேப் பிடித்ததில்லை. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் முழுக்க விரித்தால், இந்த நடுவிரல் நுனியிலிருந்து அந்த நடுவிரல் நுனிவரை ஒரு பாகம். எங்கள் ஊர் ஆர்.எஸ்.மங்கலத்துக்குப் பக்கம். அங்கே மாட்டுக்குப் பிடிகயிறு வாங்கினாலும் கிணற்றுக்கு வடம் வாங்கினாலும், கடைக்காரர் நெஞ்சுக்கு நேராக இழுத்து இழுத்துப் பாகக் கணக்கில்தான் தருவார். குட்டையான கடைக்காரரிடம் கயிறு வாங்க மாட்டோம்.

இதற்கும் விஞ்ஞானத்துக்கும் சம்பந்தம் உண்டு என்பது எனக்கு நாற்பத்தெட்டாவது வயதில் தெரிந்தது.

நான் ஐந்தாவது வரை படித்தவன். வயல் வேலை போக, போர்வெல் போட இடம் பார்க்கும் சர்வேயர் ஒருவரிடம் கம்பி அடிக்கும் ஆளாகப் போய்வந்தேன். நிலத்தில் வரிசையாக நான்கு கம்பிகளை அடித்து, வெளிக் கம்பிகள் வழியாக மின்சாரம் விட்டு, உள்கம்பிகளில் எவ்வளவு வருகிறது என்று பார்ப்பார். அதை வைத்து அடியில் தண்ணீர் இருக்கிறதா, பாறையா என்று சொல்வார். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. கம்பி அடிக்கிறவனிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை.

எனக்குக் கூச்சம் அதிகம். கல்யாண வீட்டுப் பந்தியில் இரண்டாவது தடவை சோறு கேட்க மாட்டேன். பஸ்ஸில் என் நிறுத்தத்துக்கு நிற்காமல் போனால் சத்தம் போடாமல் அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வருவேன். இதை நான் ஒரு குறையாக நினைத்ததில்லை. நடப்பது உடம்புக்கு நல்லது.

அந்தச் சர்வேயர்தான் என்னை ராமேஸ்வரத்துக்கு அனுப்பினார். "நிலத்துல நம்ம பாக்குற வேலையவே கடலுக்குள்ள பாக்குறாக. ஒரு ஆளு வேணுமாம். நீ போயிட்டு வா" என்றார். கடலுக்குள் எப்படிக் கம்பி அடிப்பது என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

அங்கே இருந்தது ஒரு பெண். முப்பது வயதிருக்கும். பெரிய படிப்புக்காக நான்கு வருஷமாக இந்த ஆராய்ச்சியைச் செய்கிறவர். என்னை அண்ணே என்பார், நான் மேடம் என்பேன். கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் மேல்மாடியில் அவருக்கு ஓர் அறை, சாமான்களுக்கு ஓர் அறை. சாமான் அறையில் நான் தங்கினேன். தீவின் வடகடல் பக்கம் ஒரு நாட்டுப்படகைப் பேசி வைத்திருந்தார். படகுக்காரருக்கு என் வயதுதான். என் ஊரைக் கேட்ட அன்றிலிருந்து, கண்மாய்த் தண்ணீர் குடித்து வளர்ந்தவன் என்று என்னைக் 'கம்மாத்தண்ணி' என்றே கூப்பிட்டார்.

கடலுக்கு அடியில் சில இடங்களில் நல்ல தண்ணீர் இருக்கும் என்று மேடம் சொன்னார். கரையில் பெய்த மழை மண்ணுக்குள்ளேயே ஊர்ந்து போய்க் கடலுக்கடியில் தங்கியிருக்குமாம். உப்புத்தண்ணீர் ஊறிய மண்ணில் மின்சாரம் தாராளமாக ஓடும். நல்ல தண்ணீர் ஊறிய மண் அதைத் தடுக்கும். ஆகவே ஒரு நீளக் கயிற்றில் முன்னால் மின்சாரம் விடும் தகடுகளையும், பின்னால் அதைக் கேட்கும் தகடுகளையும் கட்டி, கடலின் தரையோடு இழுத்துக்கொண்டு போக வேண்டும். மண் தடுக்கத் தடுக்கப் பின்தகடுகளில் அதிகமாகக் கேட்குமாம். முதலில் கிழமேலாகச் சில கோடுகள், பிறகு தென்வடலாகச் சில கோடுகள். கடலுக்குப் பாத்தி கட்டுவது போல. முடிவில் மேடம் வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைப்பார். அந்த இடத்தில் துளை போட்டுப் பார்ப்பார்கள்.

தகடுக்கும் தகடுக்கும் உள்ள தூரம்தான் முக்கியம் என்று முதல் நாளே சொன்னார். கயிற்றில் இரண்டு மீட்டருக்கு ஒரு சிவப்புத் துணி கட்ட வேண்டும்; அந்தத் துணிகளைப் பார்த்துத்தான் தகடுகளைக் கட்டுவது. முப்பது துணி. என்னிடம் ஒரு டேப்பைக் கொடுத்தார். அதன் எழுத்து பொடி எழுத்து. எனக்கு வெள்ளெழுத்து. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் டேப்பைத் தரையில் விரித்து, அதன்மேல் படுத்து என் கையை அளந்து பார்த்தேன். இரண்டு மீட்டர் என்பது என் கணக்கில் ஒரு பாகம், ஒரு சாண், நாலு விரல். மூன்று முறை பார்த்தேன். மூன்று முறையும் சரியாக வந்தது.

பிறகு கயிற்றை எடுத்துக்கொண்டு லாட்ஜ் முற்றத்துக்கு இறங்கினேன். அறைக்குள் அத்தனை நீளக் கயிற்றைப் போட இடமில்லை. அது தீர்த்தமாடிவிட்டு வந்த ஆட்கள் ஈரத்துணி காயப்போடும் நேரம். வடக்கேயிருந்து வந்த கூட்டம், பத்துப் பதினைந்து பேர். நடுவில் நின்று கையை விரித்தேன். எல்லாரும் பார்த்தார்கள். நான்காவது தடவை விரித்தபோது ஒரு பெரியவர் என் பக்கத்தில் வந்து நின்று, நான் பார்த்த திசையைப் பார்த்துக் கும்பிட்டார். அங்கே தண்ணீர்த்தொட்டிதான் இருந்தது. நான் அளந்துகொண்டே இருந்தேன். மேடம் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "அளந்தாச்சா அண்ணே?" என்றார். "அளந்தாச்சு மேடம்" என்றேன். பொய் சொல்லவில்லை.

கிழமேல் கோடுகள் எல்லாம் அந்தக் கயிற்றில்தான் முடிந்தன. கடைசிக் கோடு முடிந்து திரும்பும்போது இஞ்சின் காத்தாடியில் கயிறு சுற்றி அறுந்தது. பன்னிரண்டு துணி உள்ள துண்டு கையில் வந்தது. தகடுகளை முன்பே அவிழ்த்து வைத்திருந்ததால் அவை தப்பின. மற்ற பதினெட்டுத் துணியும் கடலோடு போயின.

"கம்மாத்தண்ணி கட்டுன முடிச்சு, காத்தாடிக்கே புடிச்சுப் போச்சு" என்றார் படகுக்காரர்.

அன்றைக்கே புதுக் கயிறு வாங்கி இரண்டாவது கயிறு தயார் செய்தேன். இந்த முறை கரையில், ஓடாமல் கிடந்த ஒரு பழைய ஐஸ் கம்பெனிக்குள் வைத்து அளந்தேன். உச்சிவேளை. உள்ளே ஒரு நாய் படுத்திருந்தது, அதுவும் தூங்கிக்கொண்டிருந்தது. தென்வடல் கோடுகளை அந்தக் கயிற்றில் முடித்தோம்.

அதோடு கடல் வேலை தீர்ந்தது. மேடம் லாட்ஜிலேயே உட்கார்ந்து கணக்கைத் தொடங்கினார். கருவிகளை நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்துக் கட்டுவது என் வேலை. படகுக்காரர் ஏதாவது சாக்கு வைத்து மாடிக்கு வந்துவிடுவார். ஒருநாள் மேடம் எங்கள் இருவருக்கும் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். பெட்டி பெட்டியாக ஒரு படம்.

"இதான் நம்ம கடல்."

"இதுல என் படகு எங்கன கெடக்கு?" என்றார் படகுக்காரர்.

"கணக்குக்குப் படகு வேணாம் அண்ணே. தண்ணியும் மண்ணும் போதும். கடலை இப்படிப் பெட்டி பெட்டியா வெட்டி, ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு நம்பர் கொடுப்பேன். அந்தப் பெட்டி மண்ணு கரண்டை எவ்வளவு தடுக்கும்கற நம்பர்."

"அது ஒங்களுக்கு எப்புடித் தெரியும்?"

"தெரியாது. நானா ஒண்ணு போடுவேன். கம்ப்யூட்டர் அதுல கரண்ட் விட்டுப் பாத்து, அப்படின்னா தகட்டுல இவ்வளவு வந்திருக்கணுமேன்னு சொல்லும். நாம அளந்ததோட ஒத்துப்போகலைன்னா நம்பரை மாத்துவேன்."

"ஒத்துப்போற வரைக்கும்?"

"ஒத்துப்போற வரைக்கும்."

படகுக்காரர் என்னைப் பார்த்தார். "ஏலே, பரீட்சையில நானும் இப்புடித்தான்டா எழுதுனேன். வாத்தியாருதான் ஒத்துக்கல."

ஆனால் இந்தக் கடல் ஒத்துப்போகவில்லை. கிழமேல் கோடும் தென்வடல் கோடும் வெட்டிக்கொள்ளும் இடங்களில், ஒரே மண் இரண்டு பதில் சொன்னது. கிழமேலாகப் போனால் மின்சாரத்தை அதிகமாகத் தடுக்கிறது. தென்வடலாகப் போனால் விடுகிறது. மேடம் நாலு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஐந்தாம் நாள் காலையில் முகம் தெளிந்திருந்தது. ஒரு பெட்டிக்கு ஒரு நம்பர் என்று வைத்ததுதான் தப்பு என்றார். இனிமேல் ஒரு பெட்டிக்கு மூன்று நம்பர். கிழமேலுக்கு ஒன்று, தென்வடலுக்கு ஒன்று, மேலிருந்து கீழே ஒன்று. திசைக்குத் திசை குணம் மாறுகிற மண். அதற்கு அனிசோட்ரபி என்று பெயராம். மூன்று நம்பர் போட்டதும் கம்ப்யூட்டர் கடலும் எங்கள் கடலும் அச்சாக ஒத்துப்போயின.

"நீரோட்டம் ஒரே பக்கமா அடிச்சு அடிச்சு மணல் வரிவரியா படிஞ்சிருக்கும்" என்றார். பிறகு என்னிடம், "உழுத வயல்ல தண்ணி எப்படி அண்ணே போகும்?" என்று கேட்டார்.

"சாலோட நெடுக்க ஓடும் மேடம். குறுக்க ஓடாது."

"அதேதான்!" என்றார்.

அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டு, நான் சொன்ன பதில் பயன்பட்டது அதுதான் முதல் தடவை. ராத்திரிச் சாப்பாட்டில் இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கினேன்.

அந்த அனிசோட்ரபியால் சிவப்புப் புள்ளி இடம் மாறியது. கரைக்குப் பக்கமாக இருந்தது, நன்றாகக் கடலுக்குள் தள்ளிப் போனது. திங்கட்கிழமை அவருடைய பேராசிரியர் ரயிலில் வருகிறார் என்றும், அவர் பார்த்துச் சரியென்றால் அந்த இடத்தில்தான் துளை என்றும், அவருடைய நான்கு வருஷமும் அன்றைக்குத் தேறிவிடும் என்றும் மேடம் சொன்னார்.

சனிக்கிழமை காலை சாமான் கட்டினேன். கயிறுகளைச் சுருட்டுவதற்கு முன் முறுக்கு எடுக்க, மாடி வராந்தாவில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நீட்டிப் போட்டேன். முதல் துணிகள் நேருக்கு நேராகக் கிடந்தன. இரண்டாவது துணியிலேயே கொஞ்சம் விலகல் தெரிந்தது. பழைய கயிற்றின் பதினோராவது துணி, புதுக் கயிற்றின் பத்தாவது துணிக்குப் பக்கத்தில் கிடந்தது.

தண்ணீரில் கிடந்து பழைய கயிறு சுருங்கியிருக்கும் என்று நினைத்தேன். புதியதும் அதே தண்ணீரில்தான் கிடந்தது. வாரக்கணக்கில் இழுபட்ட கயிறு நீளுமே தவிரக் குறையாது. அப்புறம் நான் துணிகளைப் பார்க்கவில்லை. என் கைகளைப் பார்த்தேன். முற்றமும், அந்தக் கூட்டமும், தண்ணீர்த்தொட்டியைக் கும்பிட்ட பெரியவரும் ஞாபகத்துக்கு வந்தார்கள். ஆள் பார்க்கும்போது நான் கையை முழுக்க விரிப்பதில்லை. முழங்கை கொஞ்சம் மடங்கியே இருக்கும். ஒரு துணிக்கு ஒன்பது விரல் குறைந்திருந்தது. கிழமேலாக மண் தடுக்கவில்லை. தகடுகள் பக்கத்தில் இருந்ததால் அங்கே அதிகமாகக் கேட்டிருக்கிறது.

சொல்வதற்காக மேடத்தின் அறை வாசலுக்குப் போனேன். அவர் போனில் தன் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். "ஆமாம்மா, புதுசு. இந்தக் கடல்ல இதுவரைக்கும் யாரும் பாக்கல" என்றார். நான் திரும்பி வந்தேன். மறுபடி டீயோடு போனேன். டீயைக் கொடுத்துவிட்டு வந்தேன். மத்தியானம் டம்ளரை எடுக்கப் போனேன். எடுத்துக்கொண்டு வந்தேன்.

சாயங்காலம் படகுக்காரர் வந்தார். முதலில் அவரிடம் சொல்லிப் பழகிக்கொள்ளலாம் என்று நினைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். வராந்தா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஏலே கம்மாத்தண்ணி! ஒன் வெக்கத்தைக் கொண்டாந்து கடலுக்கடியில போட்டுட்டியேடா!"

"மெதுவாப் பேசுங்க."

"அந்தப் புள்ள மண்ணுக்குள்ள வரி வரியா இருக்குண்டு சொல்லுது. அம்புட்டும் ஒன் மொழங்கைதானா? சரி, நீ சொல்ல மாட்ட. நான் போய்ச் சொல்லவா?"

அவர் சொன்னால் மேடத்துக்குத் தெரியும் முன்பே படகுத்துறை முழுக்கத் தெரிந்துவிடும். திங்கட்கிழமை கழிந்தால் துளை தப்பான இடத்தில் விழும். தண்ணீர் வராது. தன் கணக்கில் எங்கே பிழை என்று அந்தப் பெண் வருஷக்கணக்கில் பெட்டிகளுக்குள் தேடிக்கொண்டிருப்பார். பிழை பெட்டிக்குள் இல்லை, ஆர்.எஸ்.மங்கலத்தில் இருக்கும்.

"நானே சொல்றேன்" என்றேன்.

சொல்லவில்லை. இரண்டு கயிறுகளையும் தூக்கிக்கொண்டு போய், அவர் அறை வாசலில் இணையாக நீட்டிப் போட்டுவிட்டு, கதவைத் தட்டிவிட்டு ஒதுங்கி நின்றேன். மேடம் வெளியே வந்தார். குனிந்து துணிகளை எண்ணினார். திரும்ப வந்து மறுபடி எண்ணினார்.

"டேப் கொடுத்தேனே அண்ணே?"

"டேப்பை வச்சு என் கையை அளந்தேன் மேடம். கையை வச்சுக் கயித்தை அளந்தேன்."

"ரெண்டையும் நீங்கதானே அளந்தீங்க?"

"நான்தான்."

"அப்பறம் எப்படி?"

"மொதக் கயித்தை அளக்கும்போது ஆளுக இருந்தாக மேடம்."

அவருக்குப் புரியவில்லை. நான் குனிந்து கயிற்றின் நுனியைச் சரிசெய்தேன். என் பின்னாலேயே வந்திருந்த படகுக்காரர்தான், "அவனுக்கு வெக்கம் மேடம். ஆளு பாத்தா கை விரியாது" என்றார். மேடம் வெறும் தரையில் உட்கார்ந்துவிட்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

"நாளைக்குக் காலையில பாப்போம்" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தபோது கையில் ஒரு நோட்டும் புது டேப்பும் இருந்தன. சிக்கல் இதுதான் என்றார். கையில் இருக்கும் துண்டில் பன்னிரண்டு துணியை அளந்துவிடலாம். காத்தாடி தின்ற பதினெட்டு எப்படி இருந்தன என்று தெரியாது. அங்கேயும் ஒன்பது விரல்தான் குறைந்ததா, கூடக் குறைய இருந்ததா என்று தெரிந்தால்தான் கணக்கில் திருத்தம் போட முடியும். ஆகவே நான் அன்றைக்கு அளந்த மாதிரியே மறுபடி அளக்க வேண்டும்.

முதலில் என்னை அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார். பத்துத் துணி கட்டிக் கொண்டுவந்து கொடுத்தேன். இரண்டு மீட்டர், இரண்டு மீட்டர் என்று சரியாக இருந்தது. பிறகு முற்றத்துக்குக் கூட்டிப் போனார். அன்றைக்கும் தீர்த்தமாடிவிட்டு வந்த கூட்டம் இருந்தது. வேறு கூட்டம். நடுவில் நின்று கையை விரித்தேன். மேடம் ஒரு ஓரமாக, என்னைப் பார்க்காதது மாதிரி நின்று பார்த்தார். எட்டு விரல் குறைவு, ஒன்பது விரல், ஒன்பது, எட்டு. பாதியில் திடீரென்று பதினொன்று வந்தது. மேடம் திரும்பிப் பார்த்தார். படியில் படகுக்காரர் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, அன்னைக்கு இவர் அளக்கும்போது நீங்க இங்க இருந்தீங்களா?"

"இல்ல மேடம். அன்னைக்கு நான் ஐஸ் ஏத்தப் போயிருந்தேன்."

"அப்ப இப்பவும் கிளம்புங்க."

"எங்கன போக?"

"ஐஸ் ஏத்த."

அவர் போனதும் மறுபடி ஒன்பதுக்கு வந்தது. முப்பது துணியும் கட்டி முடித்தேன். மேடம் எல்லாவற்றையும் நோட்டில் எழுதினார். என் கூச்சம் ஏறுக்குமாறாக இல்லை, நிலையாக இருக்கிறது, அந்த மட்டில் நல்லது என்றார். என்னைப் பற்றி ஒருவர் எழுதி வைத்தது அந்த ஒரு பக்கம்தான்.

பழைய கயிற்றின் தூரங்களைக் கணக்கில் மாற்றிப் போட்டுக் கம்ப்யூட்டரை ஓடவிட்டார். அதன் விசிறிச் சத்தம் மத்தியானம் வரை கேட்டது. நான் வராந்தாவில் செய்வதற்கு ஒன்றும் இல்லாமல், சுருட்டிய கயிற்றைப் பிரித்துச் சுருட்டிக்கொண்டிருந்தேன். சத்தம் நின்றது. மேடம் கூப்பிட்டார்.

வெட்டிக்கொள்ளும் இடங்களில் இரண்டு பதில்களும் நெருங்கி வந்திருந்தன. சிவப்புப் புள்ளி கரைப் பக்கம் திரும்பியிருந்தது. ஆனால் முழுசாக ஒன்றாகவில்லை. கொஞ்சம் வித்தியாசம் மிச்சம் இருந்தது. கிழமேலுக்கும் தென்வடலுக்கும் நடுவில் ஒரு மெல்லிய இடைவெளி.

"இது மண்ணா, இன்னும் உங்க கையான்னு தெரியல அண்ணே" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அந்த மிச்சம்தான் இப்போது அவருடைய நான்கு வருஷம் என்று எனக்குப் புரிந்தது.

அவரே பேராசிரியருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னார். என்ன சொன்னார் என்று கேட்காமலிருக்கக் கீழே போய்விட்டேன்.

திங்கட்கிழமை வந்த பேராசிரியர் மெலிந்த மனிதர். அதிகம் பேசவில்லை. அது எனக்கு வசதியாக இருந்தது. என் கைகளை மட்டும் ஒரு முறை பார்த்தார். புதுக் கயிறு ஒன்றை மேடமே டேப் பிடித்து அளந்தார். நான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். துணியை அவரே கட்டினார். முடிச்சு இறுகவில்லை. அதை மட்டும் நான் அவிழ்த்துக் கட்டினேன்.

நான்கு பேரும் படகில் போனோம். கோடுகள் வெட்டிக்கொள்ளும் ஓர் இடத்தில், ஒரே கயிற்றை முதலில் கிழமேலாக இழுத்தோம், பிறகு தென்வடலாக இழுத்தோம். மேடம் கருவியை மடியில் வைத்துக்கொண்டு இரண்டையும் நோட்டில் எழுதினார். எண்களைப் பேராசிரியரிடம் காட்டினார். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"இருக்கு" என்றார்.

இருந்தது. நேற்றுக் கம்ப்யூட்டரில் மிஞ்சிய அதே அளவு. மேடம் நோட்டை மூடி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "இது உங்க கை இல்ல அண்ணே. இது மண்ணு" என்றார்.

நான் தலையாட்டினேன். படகுக்காரர் பின்னால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப மண்ணுக்கும் கொஞ்சம் வெக்கம் இருக்குண்டு சொல்லுங்க" என்றார்.

பேராசிரியர் சிரித்தார். மேடம் அப்போதுதான் சிரித்தார். நான் கயிற்றை உள்ளே இழுத்துச் சுருட்டத் தொடங்கினேன். மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்ததால் வளையங்கள் கொஞ்சம் சிறியதாக விழுந்தன.